கொள்விலை பூச்சியம்

புறூக்ஹோஃபன் நகரத்து வரிக் கந்தோரின் வரலாற்றில், யாரும் கேட்காமலே தன் வருமானத்தைத் தானாகவே சொன்ன முதல் மனிதன் புவனேந்திரன்தான். அந்தக் குற்றத்தை அவர்கள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

ஜேர்மனியின் ஹம் நகரத்திலிருந்து ரயிலில் கொஞ்சத் தூரம் போனால் புறூக்ஹோஃபன் வரும். அங்கே ஒரு கம்பித் தொழிற்சாலை இருந்தது, ஓர் ஆஸ்பத்திரி இருந்தது, ஆஸ்பத்திரியின் துணிகளைத் துவைக்கும் ஒரு சலவைச்சாலையும் இருந்தது. சலவைச்சாலையில் ஈரத் துணிகளை இயந்திரத்திலிருந்து இழுத்து எடுப்பது புவனேந்திரனின் வேலை. இலங்கையில் நடந்த எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு கிழக்கு பெர்லின் வழியாக வந்தவன். அவனைக் கூப்பிட்டு எடுத்தவர் அண்ணன் ஸ்ரீதரன். அவர் கலவரத்துக்கு முன்னரே வந்து, கம்பித் தொழிற்சாலையில் நிரந்தரமாகிவிட்டவர். தாய் தகப்பன் இருவரும் ஊரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணனுக்குத் தம்பி, தம்பிக்கு அண்ணன். அவ்வளவுதான் குடும்பம்.

எண்பத்தெட்டாம் ஆண்டு வசந்தத்தில் சலவைச்சாலையில் ஒரு பேச்சு அடிபட்டது. வருட முடிவுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால், கட்டின வரியில் கொஞ்சம் திரும்பி வருமாம். சந்திரகாந்தி படிவத்தை எடுத்து வந்து சமையல் மேசையில் விரித்து, புருஷனின் கையில் பேனாவைக் கொடுத்தாள். அவன் பெயரை எழுதினான். சம்பளத்தை எழுதினான். வேலைக்குப் போய்வரும் தூரத்தை எழுதினான். முடிந்துவிட்டதென்று அவள் தேத்தண்ணிக்கு எழும்பியபோது, கடைசிப் பக்கத்தின் அடியில் வெறுமையாகக் கிடந்த இடத்தில் ஒரு வரி சேர்த்தான்: 'இறந்துபோன என் அண்ணனின் பங்குகளைப் போன செப்டம்பரில் விற்றேன்.'

"உதை ஆர் கேட்டது?" என்றாள் சந்திரகாந்தி.

"ஒருத்தரும் கேக்கேல்லை."

"பின்னை ஏன் எழுதுறியள்?"

அந்தப் பங்குகளைப் பற்றி யாரிடமாவது வாய் திறந்து சொல்லவேண்டும் போல அவனுக்கு இருந்தது. தெரிந்த தமிழர்கள் எல்லாரும் அதைப் பற்றி ஏற்கெனவே சிரித்து முடித்தவர்கள். அரசாங்கம் சிரிக்காது என்று நினைத்தான். அந்த ஒரு விஷயத்தில் அவன் நினைத்தது பிழையாகவில்லை.

சிரிப்பு நடந்தது அதற்கு முந்திய வருடம், தை மாதத்தில். ஹம்மில் ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ஒரு கலியாணம். ஸ்ரீதரன் வந்திருந்தார். நாற்பது தாண்டியவர், எதையும் ஆறுதலாகக் கதைக்கிறவர். சாப்பாட்டு வரிசையில் நின்ற நாலைந்து பேருக்கு, தொழிற்சாலையில் மேற்பார்வை பார்க்கும் போமன் சொன்னதை அவர் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்.

"சும்மா கிடக்கிற காசு நித்திரை கொள்ளும். பங்கு வாங்கினால் அது எங்களுக்காக வேலைக்குப் போகும். நானும் வாங்கலாம் எண்டு யோசிக்கிறன்."

பக்கத்தில் கோப்பையோடு நின்ற புவனேந்திரனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னான்:

"கேட்டியளே? எங்கட அண்ணை ஜேர்மன் கொம்பனிக்கு முதலாளியாகப் போறார்! சப்பாத்திலை ஓட்டையைப் பாருங்கோ. முதலாளிக்குக் காத்து வேணுமாம்!"

மண்டபம் சிரித்தது. மாப்பிள்ளையும் மாலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஸ்ரீதரன் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு ஒரு காலை மற்றக் காலுக்குப் பின்னால் மறைத்தார். பாயசம் வருவதற்கு முன்னரே தன் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று தொடங்கி அந்தப் பக்கத்துத் தமிழர்களுக்கு அவர் 'முதலாளி'. ரயிலில் கண்டால், "என்ன முதலாளி, இண்டைக்கு என்ன விலை போகுது?" என்பார்கள். அண்ணனும் தம்பியும் சண்டை பிடிக்கவில்லை. பேசாமல் விட்டார்கள், அவ்வளவுதான். வாற ஞாயிறு போய்க் கதைக்கவேண்டும் என்று புவனேந்திரன் ஒவ்வொரு கிழமையும் நினைத்தான். ஆவணி மாதத்தில் ஸ்ரீதரன் தொழிற்சாலையில் இயந்திரத்தடியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். செத்தவீட்டில் பின்வரிசையில் யாரோ, "பாவம் முதலாளி" என்றார்கள். இன்னொருவருக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றினார். சிரிப்பும் கேட்டது, இருமலும் கேட்டது.

அதற்குப் பிறகுதான், அண்ணன் உண்மையாகவே ஒரு பெரிய இரசாயனக் கொம்பனியின் பங்குகளை வாங்கி வைத்திருந்தார் என்று வங்கி சொன்னது. வாரிசு புவனேந்திரன். அவற்றைத் தன் பேரில் வைத்திருக்க அவனால் முடியவில்லை. செப்டம்பர் கடைசியில், என்ன விலை என்றும் கேளாமல் விற்றான். வந்த காசை வங்கியிலேயே தொடாமல் விட்டான். மூன்று கிழமை கழித்து உலகம் முழுக்கப் பங்குச் சந்தைகள் தலைகுப்புற விழுந்தன. அதைச் சலவைச்சாலை வானொலி சொன்னபோது அவன் படுக்கை விரிப்புகளை இழுத்துக்கொண்டிருந்தான். தனக்குச் சம்பந்தமான செய்தி என்று அவனுக்குப் படவில்லை.

படிவம் போய்ச் சேர்ந்ததும் கந்தோரிலிருந்து அழைப்பு வந்தது.

ஹெர் டீக்மான் என்ற அதிகாரி அவனை இருக்கச் சொல்லி, படிவத்தின் கடைசிப் பக்கத்தை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"அந்த வரியை நீங்களே எழுதினீர்களா?"

"நானே எழுதினேன்."

"நான் இருபத்திரண்டு வருடமாக இந்தக் கந்தோரில் இருக்கிறேன். இந்த நகரத்தில் பல் வைத்தியர்கள் இருக்கிறார்கள். நிலபுலம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஒருவர்கூட இதுவரை ஒரு பங்கு விற்றதாக எழுதியதில்லை. ஆகவே புறூக்ஹோஃபனில் யாரும் பங்கு விற்பதில்லை என்பது எங்கள் நிலைப்பாடு. இப்போது நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இதன் பின்னால் என்ன இருக்கிறது?"

"பின்னால் ஒன்றும் இல்லை. அண்ணன் இறந்துபோனார்."

டீக்மான் தலையை ஆட்டினார். பின்னால் ஒன்றும் இல்லையென்று சொல்கிறவர்களை அவர் அதிகம் கண்டவர். பிறகு சட்டத்தை விளக்கினார். வாங்கி ஆறு மாதத்துக்குள் விற்றால் அது ஊகவணிகம், இலாபத்துக்கு வரி உண்டு. ஆறு மாதம் கழிந்திருந்தால் வரி இல்லை.

"ஆனால் நான் வாங்கவில்லையே" என்றான் புவனேந்திரன்.

"அதுதான் அழகு" என்றார் டீக்மான். அவர் முகம் முதல்தடவையாக மலர்ந்தது. "வாரிசு என்பவர் இறந்தவரின் காலடித் தடத்தில் கால் வைக்கிறார். அவர் வாங்கிய நாள்தான் நீங்கள் வாங்கிய நாள். அவர் கொடுத்த விலைதான் நீங்கள் கொடுத்த விலை. இந்த விஷயத்தைப் பொறுத்தவரை நீங்கள்தான் அவர். சொல்லுங்கள், எப்போது வாங்கினீர்கள்? என்ன விலைக்கு?"

"தெரியாது."

'தான் வாங்கியதைத் தான் அறியாதவராக இருக்கிறார்' என்று டீக்மான் எழுதிக்கொண்டார். பேனாவை எடுக்காமலே அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"வாங்கும்போது, விரைவில் விற்றுவிடும் எண்ணம் உங்களுக்கு இருந்ததா?"

"எனக்கா?"

"அவராகிய உங்களுக்கு."

"அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. அப்போது நாங்கள் பேசுவதில்லை."

"அதாவது, நீங்கள் உங்களோடு பேசுவதில்லை" என்று சொல்லி, அதையும் எழுதினார்.

வாங்கிய விலைக்கு, அதாவது கொள்விலைக்கு, அத்தாட்சி கொண்டுவரும்படி அவனை வங்கிக்கு அனுப்பினார். வங்கி தெருவுக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே. அங்கே ஃப்ராவ் லோமன் என்ற அம்மா மிகவும் அன்பானவர். கதிரை இழுத்துப் போட்டார், கோப்பி வேண்டுமா என்றும் கேட்டார்.

"வாங்கிய விபரத்தை வாங்கியவருக்கு மட்டும்தான் தரலாம். அது வங்கி இரகசியம்."

"நான்தான் வாங்கியவர். எதிர்க் கந்தோரில் அப்படித்தான் சொன்னார்கள்."

"அங்கே அப்படி இருக்கலாம். இங்கே நீங்கள் வாரிசு. வாரிசு விற்கலாம், நீங்களும் விற்றுவிட்டீர்கள். ஆனால் வாங்கியதை அறிய வாங்கியவரே வரவேண்டும். அடையாள அட்டையோடு வந்தால் இரண்டு நிமிட வேலை."

புவனேந்திரன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கையை நெஞ்சில் வைத்து, "மன்னியுங்கள், உங்கள் துயரத்தில் நானும் பங்குகொள்கிறேன்" என்றார். உண்மையாகவே கண் கலங்கினார். பிறகு, உதவி செய்யும் ஆசையில், "அவர் நேரே வராவிட்டாலும் பரவாயில்லை. ஒரு கையெழுத்து வைத்து அனுப்பினால் போதும்" என்றார்.

தெருவுக்கு இந்தப் பக்கம் அவன் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி. இரண்டுக்கும் நடுவில் கார்களுக்கு வழிவிட்டு நின்றபோது, தான் யார் என்று சொல்ல அங்கே ஆளில்லை.

பிறகு ஸ்ரீதரனின் பேரில் கடிதங்கள் வரத் தொடங்கின. மதிப்புக்குரிய ஹெர் ஸ்ரீதரன், நீங்கள் இன்னும் பதில் தரவில்லை. மதிப்புக்குரிய ஹெர் ஸ்ரீதரன், தாமதத்துக்குத் தண்டம் விதிக்கப்படும். சந்திரகாந்தி கடித உறையைக் கையில் வைத்துக்கொண்டு, "செத்தவருக்கும் தண்டமோ?" என்று கேட்டாள். புவனேந்திரன் கடிதங்களைக் கொண்டுபோய் டீக்மானின் மேசையில் வைத்தான்.

"என் அண்ணன் இறந்துவிட்டார்."

"எங்களுக்குத் தெரியும். கோப்பில் இருக்கிறது. ஆனால் ஒத்துழைக்கும் கடமை மரணத்தோடு முடிவதில்லை. முகவரி மட்டும் மாறுகிறது. உங்கள் அண்ணன் இதுவரை எங்களோடு நல்லமாதிரித்தான் நடந்துகொண்டார். இறந்த பிறகுதான் இப்படி."

அண்ணனுக்காக மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று புவனேந்திரனுக்குத் தோன்றியது. கேட்டும்விட்டான். கேட்ட பிறகுதான், அண்ணனுக்காகத் தான் கேட்ட முதல் மன்னிப்பு அது என்பதும், அதையும் தப்பான ஆளிடம் கேட்டுவிட்டோம் என்பதும் உறைத்தது.

அவன் எழும்பப் போனபோது டீக்மான் போய் அறைக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"செப்டம்பர் கடைசியில் விற்றிருக்கிறீர்கள். மூன்று கிழமையில் சந்தை விழுந்தது. பிராங்போர்ட்டில் பெரிய பெரிய வங்கிக்காரர்களுக்குத் தெரியாதது, சலவைச்சாலையில் இருந்த உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

"எனக்கு ஒன்றும் தெரியாது. அவற்றை வைத்திருக்க முடியவில்லை. விற்றேன்."

"வைத்திருக்க முடியவில்லை..." டீக்மான் அந்தச் சொற்களைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "உள்ளுணர்வு! கிழக்கத்திய உள்ளுணர்வு." நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்தார். "இதே கொம்பனியின் பங்குகள் எங்களிடமும் இருக்கின்றன. மனைவிக்கு அவள் தகப்பனிடமிருந்து வந்தவை. கொஞ்சத்தைக் கோடையில் விற்று வீட்டுக்குக் கூரை போட்டோம். மிச்சம் இப்போது பாதி விலைக்குப் போகிறது. விற்பதா, வைத்திருப்பதா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

மரியாதைக்கு ஏதாவது கேட்கவேண்டும் என்பதற்காகப் புவனேந்திரன், "உங்கள் மாமனார் அவற்றை என்ன விலைக்கு வாங்கினார்?" என்றான்.

டீக்மானின் முகம் இறுகியது. "அது தனிப்பட்ட விஷயம்" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

அடுத்த அழைப்பில் டீக்மானிடம் முடிவு ஆயத்தமாக இருந்தது. ஒரு தாளை அவன் பக்கம் தள்ளினார்.

"நிரூபிக்கப்படாத கொள்விலை பூச்சியம் என்று எடுத்துக்கொள்கிறோம். நாளும் தெரியாதபடியால் ஆறு மாதத்துக்குள் வாங்கியதாகவே எடுத்துக்கொள்கிறோம். அதாவது உங்கள் அண்ணன் இதற்காக எதுவும் கொடுக்கவில்லை. எல்லாம் இலாபம். வரியும் பெரிய தொகை இல்லை. இங்கே கையெழுத்து வையுங்கள், எல்லாருக்கும் நிம்மதி."

புவனேந்திரன் பேனாவை எடுத்தான். அண்ணனின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வட்டமான பூச்சியம், அழகாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. பேனாவைக் கீழே வைத்தான்.

"பூச்சியம் இல்லை."

"அப்படியானால் எவ்வளவு?"

"தெரியாது. ஆனால் பூச்சியம் இல்லை!"

ஜேர்மன் மொழியில் அவன் குரலை உயர்த்தியது அதுதான் முதல்தடவை. பக்கத்து அறையில் தட்டச்சு நின்றுபோனது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது சந்திரகாந்திக்குக் கோபம் வந்தது.

"கையெழுத்தை வைச்சிட்டு வந்திருக்கலாமெல்லோ? கேக்கிறதைக் கட்டினால் சனியன் துலைஞ்சுது."

"அண்ணை ஒண்டும் குடுக்காமல் எடுத்தவர் எண்டு என்னாலை எழுத ஏலாது."

"அண்டைக்கு மண்டபத்திலை வாய் காட்டேக்கை உந்த ரோசம் எங்கை போனது?"

சொன்ன கையோடு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று அவளும் சிரித்தவள்தான். பிறகு அவளே சொன்னாள்: "உமாபதி அண்ணையைக் கேளுங்கோ. உங்கட அண்ணையோடை ஒரே அறையிலை இருந்தவர். அவருக்குத் தெரியாமல் இராது."

புவனேந்திரனுக்கும் அது தெரியும். செத்தவீட்டில் உமாபதி அவனைப் பார்த்த பார்வைக்குப் பிறகு, அவர் வரும் தெருவில்கூட அவன் போவதில்லை. இப்போது வேறு வழியில்லை. ஸ்ரீதரன் இருந்த அறைக்கே போனான். உமாபதி கதவைத் திறந்து, வா என்றும் சொல்லாமல் போ என்றும் சொல்லாமல் நின்றார்.

"என்ன தம்பி, இப்பதான் வழி தெரிஞ்சுதோ?"

"அண்ணை பங்கு எப்ப வாங்கினவர், என்ன விலைக்கு வாங்கினவர் எண்டு கந்தோரிலை வந்து சொல்லவேணும். சாட்சியாக."

உமாபதி யோசித்தார். "வாறன். ஆனா நான் ஒருக்காத்தான் சொல்லுவன். அங்கை வைச்சே சொல்லுறன்."

சாட்சி சொல்லத் தடையில்லை என்றார் டீக்மான். ஆனால் உமாபதிக்கு ஜேர்மன் தெரியாது, அரசாங்கம் ஏற்றுக்கொண்ட தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைக்க அடுத்த வருடம் ஆகும். புவனேந்திரன் தானே மொழிபெயர்க்கவா என்று கேட்டான். வரி கட்டுகிறவர் தன் சொந்த விஷயத்தில் மொழிபெயர்க்கக்கூடாது என்பது விதி. டீக்மான் நெற்றியைத் தேய்த்தார். பிறகு வழி கண்டுபிடித்தார்.

"இந்த விஷயத்தில் நீங்கள் உங்கள் அண்ணனின் இடத்தில் நிற்கிறீர்கள். உங்கள் அண்ணன் இறந்தவர். இறந்தவருக்கு எந்தப் பக்கமும் இல்லை. ஆகவே நீங்கள் நடுநிலையானவர். மொழிபெயர்க்கலாம்."

உமாபதி தன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எப்போது வாங்கினார் என்று டீக்மான் கேட்டார். புவனேந்திரன் தமிழில் கேட்டான். உமாபதி அதிகாரியைப் பார்க்கவில்லை. புவனேந்திரனைப் பார்த்தே சொன்னார்.

"கலியாண வீட்டாலை வந்து கட்டில்லை இருந்து சப்பாத்தைக் கழட்டினவர். கழட்டின சப்பாத்தைக் கையிலை வைச்சுக்கொண்டு கனநேரம் இருந்தார். 'உமாபதி, நான் சும்மா கதைச்சனான். எனக்குப் பங்கு வாங்கிற எண்ணமே இல்லை. போமன் சொன்னதைத் திருப்பிச் சொன்னனான். ஆனா இப்ப வாங்காட்டில் தம்பி சொன்னது பகிடியாவே இருந்திடும். வாங்கினால் உண்மையாப் போயிடும். பிறகு ஒருத்தரும் சிரிக்கேலாது' எண்டார். அடுத்த திங்கட்கிழமையே, பனி கொட்டக் கொட்ட வங்கிக்குப் போனவர்."

"என்ன சொல்கிறார்?" என்றார் டீக்மான்.

"ஜனவரி மாதம், ஒரு திங்கட்கிழமை என்கிறார்."

"இவ்வளவு நேரம் பேசினாரே?"

"தமிழில் கிழமை சொல்ல நேரம் எடுக்கும்."

டீக்மான் நம்பினார். மற்றவர்களின் மொழியைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்பக்கூடியவர் அவர். "வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது?" என்று அடுத்ததைக் கேட்டார்.

"திருச்சியிலை ஒரு பிள்ளை பேசி வைச்சிருந்தது" என்றார் உமாபதி. "பாலாம்பிகை எண்டு. எங்கட பக்கத்துப் பிள்ளைதான், அகதியாப் போய் அங்கை இருக்குது. ரெண்டு மூண்டு தரம் ரெலிபோனிலை கதைச்சவை. மாசியிலை அங்கை போய்த் தாலி கட்டுறதெண்டு முடிவு. ரிக்கெற்றுக்கும் தாலிக்கும் எண்டு சேத்து வைச்ச காசை எடுத்துத்தான் பங்கு வாங்கினவர். பிள்ளைக்குப் 'பிறகு வாறன்' எண்டு அறிவிச்சுப் போட்டார். பிறகு எங்கை வந்தவர்? செத்ததையும் அந்தப் பிள்ளைக்கு நான்தான் அறிவிச்சனான்."

புவனேந்திரன் மொழிபெயர்க்க மறந்திருந்தான்.

"உமக்கு இது ஒண்டும் தெரியாது" என்றார் உமாபதி. "அந்தக் கலியாண வீட்டுக்கு அவர் வந்ததே தன்ரை கலியாணத்தை உமக்குச் சொல்லத்தான். தம்பிக்குத்தான் முதல் சொல்லவேணும் எண்டு, அறையிலை இருந்த என்னைத் தவிர வேறை ஒருத்தருக்கும் வாய் திறக்கேல்லை. பங்குக் கதையை எடுத்ததும் சும்மா இல்லை. கதையோடை கதையா உம்மைப் பக்கத்திலை கூப்பிடலாம் எண்டு. அவர் சொல்லமுதல் நீர் சொல்லிப் போட்டீர்."

"மொழிபெயருங்கள்" என்றார் டீக்மான்.

இந்தமுறை சுருக்க முடியவில்லை. தெரிந்த ஜேர்மன் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். "அது அண்ணன் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம். பெண் இந்தியாவில் இருந்தார். அண்ணன் போகவில்லை. பங்கு வாங்கினார்."

"ஏன்?"

"நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். எல்லாரையும் சிரிக்க வைத்தேன். அதனால்."

டீக்மான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பின்னாலிருந்த தட்டிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்தார். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கங்களைப் புரட்டினார்.

"கொள்விலையோடு சேர்க்கக்கூடிய செலவுகள்: வங்கித் தரகு, கட்டணங்கள், முத்திரைச் செலவு. நடக்காமல் போன திருமணம் இதில் இல்லை. ஆனாலும் நியாயமாகப் பார்ப்போம்." உண்மையிலேயே நியாயமாகப் பார்க்க விரும்பினார். "பயணச்சீட்டை இரத்துச் செய்ய ஏதாவது கட்டினாரா? இல்லையா? சரி, அந்தச் சிரிப்பை எடுத்துக்கொள்வோம். சிரித்தவர் நீங்கள். ஆனால் இந்த விஷயத்தைப் பொறுத்தவரை நீங்கள்தான் அவர். ஒருவர் தன்னைப் பார்த்துத் தானே சிரிப்பதால் வரும் நட்டத்தைச் சட்டம் ஏற்பதில்லை."

"என்னவாம்?" என்று கேட்டார் உமாபதி.

"ஏலாதாம்" என்றான் புவனேந்திரன்.

டீக்மான் அதற்குள் மாதங்களை விரலில் எண்ணிப் பார்த்திருந்தார். ஜனவரியில் வாங்கி, செப்டம்பரில் விற்றது. ஆறு மாதம் எப்போதோ கழிந்துவிட்டது. வரி இல்லை. கோப்பை மூடலாம்.

"விலை?" என்று கேட்டான் புவனேந்திரன். "இன்னும் விலையைச் சொல்லவில்லையே."

"விலை தேவையில்லை. நாள் மட்டும் போதும்."

"இத்தனை மாதமாக விலையைத்தானே கேட்டீர்கள்?"

"கேட்பது எங்கள் கடமை. தேவையில்லை என்பது கேட்ட பிறகுதானே தெரியவரும்?"

"தேவையில்லாவிட்டாலும் எழுதுங்கள். அவர் கொடுத்ததை எழுதுங்கள்."

டீக்மான் படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "அதற்கு இனி இடம் இல்லை" என்றார், மெய்யான வருத்தத்தோடு. எழும்பி வந்து இருவருக்கும் கை கொடுத்தார். புவனேந்திரனின் கையை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருந்தார். "உங்கள் நேர்மை எங்கள் எல்லாருக்கும் முன்மாதிரி. அடுத்த வருடம் தயவுசெய்து ஒன்றும் எழுதாதீர்கள்."

வெளியே வந்து இருவரும் ஸ்டேஷன்வரை நடந்தார்கள். ரயில் வரும் நேரத்தில் உமாபதி ஒரு தாள்துண்டில் தொலைபேசி எண் ஒன்றை எழுதிக் கொடுத்தார். பாலாம்பிகை இருக்கும் வீட்டுக்குக் கீழே ஒரு மருந்துக்கடை, அந்த எண்ணுக்கு எடுத்தால் அவளைக் கூப்பிட்டு விடுவார்கள் என்றார்.

"எடு எண்டும் சொல்லேல்லை, எடுக்காதை எண்டும் சொல்லேல்லை" என்று சொல்லிவிட்டு ரயிலில் ஏறினார்.

சனிக்கிழமை காலை புவனேந்திரன் சில்லறைக் காசுகளை மாற்றிக்கொண்டு தபால் கந்தோர்த் தொலைபேசிக் கூண்டுக்குப் போய் எண்ணைச் சுழற்றினான். மருந்துக்கடைக்காரர் யாரையோ உரக்கக் கூப்பிடுவது கேட்டது. செருப்புச் சத்தம் கேட்டது.

"ஹலோ" என்றாள்.

"நான்..."

அந்தப் பக்கம் மூச்சு ஒன்று அறுந்தது. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே குரல் என்று ஊரில் சொல்வார்கள்.

"நான் ஸ்ரீதரன்ரை தம்பி. புவனேந்திரன்."

"ஓம்" என்றாள் கொஞ்சம் பொறுத்து. "சொல்லுங்கோ."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். மண்டபத்தைச் சொன்னான், சப்பாத்தைச் சொன்னான், முதலாளி என்ற பெயரைச் சொன்னான். தாலிக்கு வைத்த காசு என்னவானது என்பதையும் சொன்னான். பங்கை விற்ற காசு அப்படியே வங்கியில் கிடக்கிறது, அது உங்களுடையது, எப்படி அனுப்பலாம் என்று கேட்டான்.

"இதை ஏன் இப்ப எனக்குச் சொல்லுறியள்?"

"சொல்லாமல் இருக்க ஏலேல்லை."

"சொன்னாப் பிறகு சுகமா இருக்கோ?"

"இல்லை."

"எனக்கும் இல்லை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சரி பார்க்கிறவளைப் போலச் சொன்னாள். "காசு எனக்கு வேண்டாம். அவர் எனக்கெண்டு சொல்லித் தந்ததில்லை. நீங்கள் தாறதை நான் எடுக்கேலாது."

தொலைபேசி காசு கேட்டுச் சத்தம் போட்டது. புவனேந்திரன் ஒரு காசு போட்டான்.

"ஒண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றாள் பாலாம்பிகை. "நான் அவரை நேரிலை கண்டதில்லை. என்னட்டை ஒரே ஒரு படம் இருக்கு. பாஸ்போட்டுக்கு எடுத்தது, வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறார். அவர் சிரிச்சால் எப்பிடி இருக்கும்?"

புவனேந்திரன் யோசித்தான். பெர்லின் ஸ்டேஷனில் அண்ணன் தன்னைக் கூட்டிப்போக வந்து நின்றது ஞாபகம் வந்தது. அவருடைய கோட்டு ஞாபகம் வந்தது, கையில் பாணும் பழமும் போட்ட பை ஞாபகம் வந்தது, தன் தலையைத் தடவிய கை ஞாபகம் வந்தது. முகமும் வந்தது. அது சிரிக்கவில்லை. இன்னும் பின்னால் போய்ப் பார்த்தான். மண்டபத்தில் சிரித்த ஒவ்வொரு முகமும், எந்தப் பல் எப்படி என்றுகூடத் தெரிந்தது. அண்ணனுடையது மட்டும் வரவில்லை.

"ஹலோ? கேக்குதோ?" என்றாள்.

"ஓம், கேக்குது" என்று சொல்லி, இன்னொரு காசு போட்டான்.